சின்ன பைப்பை வெட்டாம உள்ள போற தண்ணியை அளக்கறது எப்படி: கிளாம்ப் ஆன் அல்ட்ராசோனிக் ஃப்ளோ மீட்டர் முழு வழிகாட்டி

முக்கால் இன்ச் சிபிவிசி (ஒரு வகை பிளாஸ்டிக் பைப்) லைன் ஒண்ணு ஓடிட்டு இருக்கு, அதுல நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் போகுதுன்னு தெரியணும், ஆனா லைனை வெட்ட விடமாட்டாங்க, ப்ளாண்ட்டை அரை மணி நேரம் நிறுத்தவும் விடமாட்டாங்க. இந்த வேலைக்குத்தான் வெளியில இருந்தே பைப் மேல கட்டி அளக்கற கிளாம்ப் ஆன் மீட்டர். ஆறு இன்ச், எட்டு இன்ச் மெயின் லைன்ல இதை மாட்டினவங்க நிறைய பேர் இருக்காங்க, கிட்டத்தட்ட சரியாவும் காட்டும். அதே ஆளு அதே மீட்டரை எடுத்துட்டு வந்து அரை இன்ச், முக்கால் இன்ச் பைப்ல மாட்டினா ரீடிங் ஆடும், குறையும், சில சமயம் நின்ன தண்ணியையே ஓடுதுன்னு காட்டும், உடனே "சைனா மீட்டர் சார், அப்படித்தான் இருக்கும்"னு மீட்டர் மேல பழி. பெரும்பாலும் மீட்டர் மேல தப்பு இல்லைங்க. சின்ன பைப்போட கணக்கே வேற, அது தெரிஞ்சா மாட்டற விதமும் மாறிடும்.

நான் சொல்றதெல்லாம் 15 மி.மீ-ல இருந்து 25 மி.மீ வரைக்கும் உள்ள பைப்புக்கு. உதாரணத்துக்கு நான் அடிக்கடி பாக்கற ஒரு லைனையே எடுத்துக்கறேன், மணிக்கு 1000 லிட்டர் ஆர்ஓ ப்ளாண்ட், அதோட பெர்மியேட் லைன் (சுத்தமான தண்ணி வெளிய வர்ற லைன்), முக்கால் இன்ச் சிபிவிசி.

முதல்ல உள்ள என்னதான் நடக்குதுன்னு பாத்துருவோம்

பைப் மேல ரெண்டு சென்சார் கட்டறோம். முதல் சென்சார் தண்ணி ஓடற திசையில காதுக்கு கேக்காத சத்தத்தை (அல்ட்ராசவுண்ட்) அனுப்பும், ரெண்டாவது எதிர் திசையில அனுப்பும். ஓட்டத்தோட போற சத்தம் கொஞ்சம் சீக்கிரம் வந்துரும், எதிர்த்து வர்றது கொஞ்சம் லேட்டா வரும், ஆத்துல நீந்தற மாதிரிதான். அந்த நேர வித்தியாசத்தை வெச்சு வேகம், வேகத்தை பைப்போட உள் குறுக்குவெட்டு பரப்பளவால பெருக்கினா ஃப்ளோ. டிரான்சிட் டைம்னு சொல்றது இதைத்தான். டாப்ளர்னு இன்னொரு வகை இருக்கு, அதுக்கு தண்ணியில தூசியோ குமிழியோ இருந்தாத்தான் சத்தம் திரும்பி வரும், ஆர்ஓ தண்ணியில அது சுத்தமா வேலைக்காகாது.

இப்ப கணக்கு போடுங்க. நம்ம முக்கால் இன்ச் சிபிவிசி எஸ்டிஆர் 11 (வெளி விட்டம் சுவர் தடிமனை போல 11 மடங்கு) பைப்புக்கு வெளி விட்டம் 22.2 மி.மீ, சுவர் 2 மி.மீ-க்கு கொஞ்சம் மேல, அப்ப உள் விட்டம் சுமார் 18 மி.மீ. மணிக்கு 1000 லிட்டர்னா நிமிஷத்துக்கு 16.7 லிட்டர், தண்ணியோட வேகம் செகண்டுக்கு ஒரு மீட்டர் சொச்சம். சத்தம் தண்ணியில செகண்டுக்கு 1500 மீட்டர் போகும். எதிர்ச்சுவர்ல பட்டு திரும்பி வர்ற மாதிரி, அதாவது வி மவுன்டிங்ல கட்டினா, சத்தம் தண்ணிக்குள்ள போயிட்டு வர மொத்தமே 26 மைக்ரோ செகண்டு. ரெண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 14 நானோ செகண்டு.

14 நானோ செகண்டு! ஒரு நானோ செகண்டுல வெளிச்சமே ஒரு அடிதான் போகும். நம்ம மீட்டரோட ஸீரோ (தண்ணி நின்னுட்டு இருக்கும்போது காட்டற அளவு) ஒரே ஒரு நானோ செகண்டு தள்ளி நின்னா போச்சு, ரீடிங் 7 சதவீதம் தப்பு. இதே ஒரு நானோ செகண்டு தப்பு எட்டு இன்ச் பைப்ல இருந்தா, அங்க பாதை பத்து மடங்குக்கு மேல நீளம், அதே வேகத்துல வித்தியாசம் நூத்தம்பது நானோ செகண்டு வரும், அதனால அந்த தப்பு கண்ணுக்கே தெரியாது. பெரிய பைப்ல யாரும் ஸீரோவை பத்தி கவலைப்படாததும், சின்ன பைப்ல அதுவே எமனா வந்து நிக்கறதும் இதனாலதான்.

உங்க லைனுக்கு இது ஆகுமா?

மீட்டரை வாடகைக்கு எடுக்கறதுக்கு முன்னாடியே இதை பாத்துருங்க. பைப் முழுசா நிரம்பி ஓடணும், அரைகுறையா ஓடற டிரெயின் லைன்ல சான்ஸே இல்லை. குமிழி அதிகம் இருந்தா சிக்னல் செத்துரும். பைப் மெட்டீரியல் பாத்தீங்கன்னா சிபிவிசி, யுபிவிசி, எஸ்எஸ், காப்பர் எல்லாம் நல்லா வரும். ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்பு) புதுசா இருந்தா ஓகே, பத்து வருஷ பழசு, உள்ள துருவும் உப்பும் பிடிச்சு ஓட்டை பாதியா சுருங்கிப்போன லைன்னா ரெண்டு பிரச்சனை, சத்தம் துருவுல சிதறும், உள் விட்டம் எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. ரப்பர் ஹோஸ், நூல் வெச்ச பிரெய்டட் ஹோஸ் ரெண்டும் வேண்டாம், சத்தத்தை குடிச்சிரும்.

சின்ன சைஸ் ஸ்டீல் பைப்புல இன்னொரு சிக்கல் இருக்கு. சத்தம் தண்ணி வழியா மட்டும் போகாது, பைப் சுவர் வழியாவும் போகும். பெரிய பைப்ல ரெண்டும் வேற வேற நேரத்துல வந்து சேரும், மீட்டர் பிரிச்சு பாத்துக்கும். சின்ன பைப்ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாவே வந்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். அதுக்காகத்தான் சில கம்பெனிக்காரங்க சென்சார் பக்கத்துல பைப் மேல ஒட்ட டேம்பிங் ஷீட் தர்றாங்க, சுவர் வழியா வர்ற சத்தத்தை அது அமுக்கிடும். சாய்ஸ் இருந்தா பிளாஸ்டிக் பைப் உள்ள இடமா பாத்து மாட்டுங்க.

அப்புறம் ஃப்ளோ அளவு. டோசிங் பம்பு (கெமிக்கலை கொஞ்சம் கொஞ்சமா தள்ளற பம்பு) லைன்ல இதை மாட்டி அளக்க முடியுமான்னு மாசத்துக்கு ஒருத்தராவது கேக்கறாங்க. மணிக்கு 5 லிட்டர் டோசிங்கை முக்கால் இன்ச் பைப்ல விட்டா வேகம் செகண்டுக்கு அரை சென்டிமீட்டர், நானோ செகண்டு கணக்குல பாத்தா ஒண்ணுல பத்துல ஒரு பங்கு கூட வராது, அதுலயும் டயாஃப்ரம் பம்பு விட்டு விட்டு தள்ளும். வேண்டாம். பம்பு உறிஞ்சற சக்ஷன் பக்கத்துல கேலிப்ரேஷன் காலம் (அளவுக்கோடு போட்ட குழாய்) ஒண்ணு வெச்சு எத்தனை மில்லி இறங்குதுன்னு வாட்ச் பாருங்க, அதுதான் சரி.

கிளாம்ப் ஆனோட பெரிய பலம் தண்ணி எவ்வளவு சுத்தமா இருந்தாலும் கவலை இல்லைங்கறது. மேக்னடிக் மீட்டருக்கு தண்ணி கொஞ்சமாவது கரண்டை கடத்தணும், வழக்கமா 5 மைக்ரோ சீமென்ஸாவது கேப்பாங்க, டிஎம் வாட்டர்ல (உப்பு எல்லாம் எடுத்த தண்ணி) அது படுத்துரும். இது அங்கயும் ஓடும், டீசல்லயும் ஓடும்.

எந்த மீட்டர்?

மூணு ரகமா பிரிச்சுக்கோங்க. கையில எடுத்துட்டு போற போர்ட்டபிள் ரகத்துல நம்ம ஊர்ல அதிகம் கண்ணுல படறது டியுஎஃப் 2000 ஹெச் மாடல். அதுல கவனிக்க வேண்டியது சென்சார் சைஸ், டப்பாவோட வழக்கமா வர்ற நடுத்தர சென்சார் 50 மி.மீ-க்கு மேலதான். சின்ன பைப்புக்கு எஸ் சீரிஸ்னு தனியா வரும், 15-ல இருந்து 100 மி.மீ வரைக்கும். நடுத்தர சென்சாரை முக்கால் இன்ச் பைப்ல கட்டிட்டு "சிக்னல் வரலை"ன்னு போன் பண்றவங்கதான் பாதி பேர். வாங்கும்போதே, வாடகைக்கு எடுக்கும்போதே, சென்சார் மேல என்ன எழுதிருக்குன்னு போட்டோ கேளுங்க.

ரெண்டாவது, பைப் மேல நிரந்தரமா மாட்டற ரகம். கீயன்ஸோட எஃப்டி க்யூ மாதிரி ஐட்டம், கால் இன்ச்ல இருந்து ரெண்டு இன்ச் வரைக்கும் பைப் சைஸுக்கு தகுந்த மாதிரி தனித்தனி தலை, கிரீஸ் கூட வேண்டாம், ஸ்க்ரூ முடுக்கினா போதும். மோல்டிங் மெஷின் கூலிங் லைன், வெல்டிங் கன் கூலிங் லைன் மாதிரி இடத்துல ஃப்ளோ குறைஞ்சா அலாரம் அடிக்கணும்னா இதுதான் வசதி. விலை நம்ம பட்ஜெட்டுக்கு கொஞ்சம் கசக்கும்.

மூணாவது மெத்துமெத்துன்னு இருக்கற டியூபுக்கு. இதய ஆபரேஷன்ல ஹார்ட் லங் மெஷினோட 3/8 இன்ச் டியூப் மேல கிளிப் மாதிரி மாட்டி ரத்த ஓட்டம் பாக்கறாங்க இல்ல, அந்த ரகம். டியூபை சதுர பள்ளத்துல அமுக்கி வெப்பாங்க, வட்டமா இருந்தது சதுரமாயிரும், சென்சார் முகம் முழுக்க ஒட்டிக்கும். டியூப் சைஸ், டியூப் மெட்டீரியல், உள்ள போற திரவம் மூணுக்கும் சேத்து கேலிப்ரேட் பண்ணி வர்றது, அதனால வேற டியூப்ல மாட்டினா நம்பர் தப்பாத்தான் வரும். அமெரிக்காவுல டிரான்சோனிக், ஜெர்மனியில சோனோடெக் மாதிரி கம்பெனிங்க இதுக்குன்னே இருக்காங்க.

நானே போர்டு செஞ்சு பாக்கறேன்னு சொல்ற எலக்ட்ரானிக்ஸ் பசங்களுக்கு: டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட டிடிசி 1000, டிடிசி 7200 ரெண்டு ஐசி ஜோடியா வரும், நேரத்தை 55 பிக்கோ செகண்டு படியில எண்ணும். ஐசி ஈஸி, சென்சாரை பைப்போட ஒட்டற வெட்ஜ் (சாய்வான கட்டை) செய்யறதுதான் உயிர் போகும். அப்புறம் ஆன்லைன்ல கிடைக்கற மஞ்சள், சிவப்பு, கருப்பு வயர் வெச்ச ஒய்எஃப் எஸ் 201, அது உள்ள சின்ன சக்கரம் சுத்தற சமாச்சாரம், பைப்பை வெட்டித்தான் மாட்டணும், அது நம்ம கணக்குல வராது.

இனி போர்ட்டபிள் மீட்டரை வெச்சே படிப்படியா போவோம்.

படி 1: இடம் பிடிக்கறது

முன்னாடி பைப் விட்டத்துல பத்து மடங்கு, பின்னாடி அஞ்சு மடங்கு நேர் பைப் வேணும்னு எல்லா மேனுவல்லயும் இருக்கும். பெரிய பைப்ல இது தலைவலி, நமக்கு இது ஜாலி, முக்கால் இன்ச்சுக்கு முன்னாடி 20 சென்டிமீட்டர், பின்னாடி 10 இருந்தா முடிஞ்சது. பம்புக்கு அடுத்தோ, பாதி திறந்த வால்வுக்கு அடுத்தோன்னா 30 மடங்கு, அதாவது அரை மீட்டருக்கு கொஞ்சம் மேல விடுங்க.

தண்ணி மேல ஏறற செங்குத்து பைப் கிடைச்சா அதை விடாதீங்க, அங்க பைப் எப்பவும் நிரம்பியே இருக்கும். படுக்கை பைப்னா சென்சாரை பக்கவாட்டுல கட்டுங்க, கடிகாரத்துல மூணு மணி, ஒன்பது மணி இருக்கற பக்கம். தலைமேல கட்டினா அங்க காத்து தேங்கும், அடியில கட்டினா சகதி தேங்கும். லைன்லயே உசரமான இடத்துல, அதாவது காத்து போய் உக்கார்ற இடத்துல மாட்டவே கூடாது. மொட்டை மாடியில இருந்து இறங்கற லைன்ல கடைசி எல்போவுக்கு கீழ மாட்டிட்டு ரீடிங் ஏன் ஆடுதுன்னு ரெண்டு மணி நேரம் மண்டையை உடைச்சவன்தான் நான், இறங்கற பைப்ல தண்ணி முழுசா நிரம்பாம காத்தும் சேந்து உருண்டு வந்திருக்கு.

படி 2: பைப்பை அளக்கறது

மீட்டருக்கு வெளி விட்டம், சுவர் தடிமன், மெட்டீரியல் மூணும் கொடுக்கணும். "முக்கால் இன்ச்"னு சொல்றது பேருக்குத்தான், அளவு கிடையாது. முக்கால் இன்ச் சிபிவிசிக்கு வெளி விட்டம் 22.2, அதே முக்கால் இன்ச் ஜிஐ-க்கு 27 சுத்தி வரும். அரை இன்ச்ல சிபிவிசி 15.9, ஜிஐ 21.3. இதை மாத்தி போட்டா கதை கந்தல்.

வெர்னியர் வெச்சு ஒரே இடத்துல மூணு பக்கம் அளந்து சராசரி எடுங்க, பிளாஸ்டிக் பைப் கிளாம்ப் அழுத்தத்துல கொஞ்சம் நீள்வட்டமாயிருக்கும். வெர்னியர் நுழையாத இடம்னா ஒரு பேப்பர் துண்டை பைப்ல சுத்தி, ஒட்டற இடத்துல பேனாவால கோடு போட்டு, விரிச்சு அளந்து 3.14-ஆல வகுத்துக்கோங்க. பெயின்ட் அடிச்ச பைப்னா சென்சார் உக்கார்ற இடத்தை எமரி பேப்பர் போட்டு சுரண்டிட்டு அளங்க.

சுவர் தடிமனுக்கு தடிமன் மீட்டர் இருந்தா நல்லது, பெரும்பாலும் இருக்காது. ஜிஐ பைப்னா கலர் பட்டை பாருங்க, மஞ்சள்னா லைட், நீலம்னா மீடியம், சிவப்புன்னா ஹெவி. அரை இன்ச்சுல மீடியம் 2.6 மி.மீ, ஹெவி 3.2. சிபிவிசின்னா பைப் மேல எஸ்டிஆர் 11-ஆ 13.5-ஆன்னு அச்சடிச்சிருப்பாங்க. எல்லாத்தையும் விட பெஸ்ட்டு, ஸ்டோர்ல அதே பேட்ச் பைப் துண்டு கிடக்கும், பிளம்பர்கிட்ட கேட்டு வாங்கி வெட்டின முனையில நேரா அளந்துருங்க. அந்த துண்டை தூக்கி போட்டுராதீங்க, ஸீரோ படியில வேணும். சுவர்ல கால் மி.மீ தப்பு விட்டா உள் விட்டம் அரை மி.மீ மாறும், 18 மி.மீ பைப்ல அது பரப்பளவுல மட்டுமே 5, 6 சதவீதம். மீட்டர்காரன் 1 சதவீத துல்லியம்னு பிரவுஷர்ல போட்டிருப்பான், நம்ம டேப்பை வெச்சு குத்துமதிப்பா போட்ட நம்பர் அதை முழுங்கிரும்.

படி 3: மீட்டர்ல நம்பர் போடறது

டியுஎஃப் 2000 மெனுவுல எம்11 வெளி விட்டம், எம்12 சுவர், எம்14 மெட்டீரியல், எம்16 உள் பூச்சு, எம்20 திரவம், எம்23 சென்சார் வகை, எம்24 மவுன்டிங். இதெல்லாம் கொடுத்தா எம்25-ல ரெண்டு சென்சாருக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு அதுவே சொல்லும். வேற மீட்டர்னாலும் இதே வரிசைதான், நம்பர்தான் மாறும்.

மவுன்டிங்ல வி-ங்கறது சத்தம் ஒரு தடவை எதிர்ச்சுவர்ல பட்டு வர்றது, டபிள்யூ-ங்கறது மூணு தடவை பட்டு வர்றது. டபிள்யூ-ல பாதை ரெண்டு மடங்கு, நம்ம 14 நானோ செகண்டு 28 ஆகும், ஸீரோ தப்போட பாதிப்பு பாதியா குறையும். அதனால சின்ன பைப்ல முதல்ல டபிள்யூ போட்டு பாருங்க, சிக்னல் பத்தலைன்னா வி-க்கு வாங்க. வி-ல இடைவெளி ரொம்ப குறைஞ்சு சென்சார் ரெண்டும் முட்டிக்கறதும் நடக்கும், அப்பவும் டபிள்யூதான் வழி.

கூலிங் லைன்ல கிளைக்கால் (தண்ணி உறையாம இருக்க கலக்கற திரவம், glycol) கலந்திருந்தா திரவத்தை தண்ணின்னு விட்டுராதீங்க, சத்தத்தோட வேகமும் வேற, கொழகொழப்பும் வேற.

படி 4: கட்டறது

பைப்பை துணியால துடைச்சு, சென்சார் முகத்துல ஜெல்லை நடுவுல ஒரு கோடா, பேஸ்ட் பிதுக்கற மாதிரி வெச்சு, சென்சாரை பிடிக்கற ரயில் பட்டையில உக்கார வெச்சு மெதுவா அமுக்குங்க. காத்து துளியும் நடுவுல இருக்கக்கூடாது, காத்துல இந்த சத்தம் போகவே போகாது. வளைவான சின்ன பைப் மேல தட்டையான சென்சார் உக்கார்றப்ப ஒரு மெல்லிசான கோட்டுலதான் ஒட்டும், அதனால சென்சார் அரை மி.மீ சாஞ்சாலும் சிக்னல் விழுந்துரும். பைப்போட நீளத்துக்கு நேரா இருக்கான்னு கண்ணை பைப் மட்டத்துக்கு கொண்டு வந்து பாருங்க. கேபிள் ரெண்டும் வெளிப்பக்கமா போகணும்.

ஜெல் தீந்து போச்சுன்னா மெடிக்கல் ஷாப்புல ஸ்கேன் ஜெல் கிடைக்கும், ஒரு நாள் வேலைக்கு தாராளமா போதும், ஆனா வெயில்ல ரெண்டு மூணு மணி நேரத்துல காய ஆரம்பிச்சிரும். நாலு நாள் விட்டு வெக்கணும்னா சிலிகான் கிரீஸ். பிளாஸ்டிக் பைப்ல இறுக்கி கட்டறேன்னு கிளாம்பை முறுக்காதீங்க, பைப் நசுங்கினா நீங்க அளந்த விட்டமே தப்பாயிரும்.

படி 5: சிக்னல் நம்பலாமான்னு பாக்கறது

ஃப்ளோ ரீடிங்கை பாக்கறதுக்கு முன்னாடி எம்90-க்கு போங்க. சிக்னல் பலம் ரெண்டு திசையிலயும் 60-க்கு மேல, சிக்னல் தரத்தை காட்டற க்யூ மதிப்பும் 60-க்கு மேல இருக்கணும். இல்லைன்னா ஒரு சென்சாரை மட்டும் மி.மீ மி.மீயா நகத்தி எங்க அதிகம் வருதுன்னு பிடிங்க. அப்புறம் எம்91, கணக்குப்படி வரவேண்டிய நேரத்துக்கும் நிஜமா வந்த நேரத்துக்கும் உள்ள விகிதம், 97-ல இருந்து 103-க்குள்ள இருக்கணும்.

நான் முக்கியமா பாக்கறது எம்92, மீட்டரே அளந்து காட்டற சத்தத்தோட வேகம். தண்ணி 30 டிகிரியில 1509 வரணும், 20 டிகிரியில 1482. உங்க மீட்டர் 1420-னு காட்டினாலோ 1600-னு காட்டினாலோ தண்ணி மேல தப்பு இருக்காது, நீங்க போட்ட விட்டமோ சுவரோ இடைவெளியோ தப்பு, படி 2-க்கு திரும்பி போங்க. இவ்வளவு நல்ல செக்கிங் இலவசமா இருக்கு, யாரும் பாக்கறதே இல்லை.

படி 6: ஸீரோ

இதுலதான் நான் நல்லா அடி வாங்கினேன், கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ஒரு ஆர்ஓ ப்ளாண்ட்ல பெர்மியேட் 1000 லிட்டர் வரலைன்னு தகராறு, மெம்பிரேன் (ஆர்ஓவோட ஃபில்டர்) போட்டவங்க வருதுங்கறாங்க, ஓனர் வரலைங்கறார், நடுவுல என்னை கூப்பிட்டாங்க. எல்லாம் ஒழுங்கா கட்டினேன், சிக்னல் 78, சத்த வேகம் 1507, சூப்பர். டேங்குக்கு போற பால் வால்வை மூடி, லைன் பிரஷரோட நின்னுட்டு இருக்கும்போது எம்42-ல ஸீரோ செட் பண்ணினேன். வால்வை திறந்தா 15.9. மணிக்கு 950 சொச்சம். ஓனர் முகத்துல சிரிப்பு, மெம்பிரேன் சைடுல இருந்து வந்த ஆளு முகம் சுருங்கிருச்சு. நானும் ரிப்போர்ட் எழுத உக்காந்துட்டேன்.

அங்க ப்ளாண்ட் ஓட்டற பையன் ஒருத்தன், இருபது வயசு இருக்கும், டேங்க் மேன்ஹோல் பக்கத்துல நின்னுட்டு இருந்தவன், "அண்ணே, நீங்க வால்வு மூடிருந்தப்பவும் உள்ள தண்ணி விழற சத்தம் கேட்டுச்சேண்ணே"ன்னான். மறுபடி வால்வை மூடச்சொல்லி நானே போய் மேன்ஹோல்ல காதை வெச்சேன். சர்ர்னு பென்சில் தடிமன்ல ஒரு தாரை விழுந்துட்டு இருக்கு. வால்வு பாஸிங். சீட் தேஞ்சுபோயிருக்கு, கைப்பிடி முழுசா மூடினாலும் உள்ள விடுது. ஒரு மக்கை பிடிச்சு பாத்தா நிமிஷத்துக்கு 0.8 லிட்டர். அந்த 0.8 லிட்டரைத்தான் நான் மீட்டர்கிட்ட "இதுதான் ஸீரோ"ன்னு சொல்லி வெச்சிருக்கேன், அது பாவம் எல்லா ரீடிங்லயும் அதை கழிச்சு காட்டிட்டு இருக்கு. எம்43-ல பழைய ஸீரோவை அழிச்சிட்டு, அதுக்கு முன்னாடி இருந்த இன்னொரு வால்வையும் சேத்து மூடி, மேன்ஹோல்ல சத்தம் இல்லைன்னு அந்த பையனையே கேக்கச் சொல்லி, ரெண்டு நிமிஷம் விட்டு ஸீரோ போட்டேன். 16.7. அன்னைக்கு டீ அவனுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அதனால ஒத்த வால்வை நம்பி ஸீரோ போடாதீங்க. மீட்டருக்கு முன்னாடியும் பின்னாடியும் மூடணும், தண்ணி விழற முனையை கண்ணால பாக்கணும், முடியலைன்னா காதால கேக்கணும். பைப் காலியாகி நிக்கக்கூடாது, நிரம்பிய நிலையிலயே நிக்கணும். மூடின உடனே போடாம தண்ணி அலை அடங்க ஒரு ரெண்டு நிமிஷம் விடுங்க.

லைனை நிறுத்தவே முடியாத இடம்னா, படி 2-ல வெச்ச பைப் துண்டு இருக்கு இல்ல, அரை அடி நீளத்துக்கு எடுத்து ரெண்டு பக்கமும் எண்ட் கேப் போட்டு தண்ணி முழுசா நிரப்பி, அதே சென்சாரை அதே இடைவெளியில கட்டி, மேசை மேல வெச்சு ஸீரோ பாருங்க. துண்டுக்குள்ள தண்ணியும் லைன்ல ஓடற தண்ணியும் ஒரே சூட்டுல இருந்தா இன்னும் நல்லது. நூத்துக்கு நூறு கிடையாது, ஆனா ஒண்ணுமே பாக்காததுக்கு எவ்வளவோ மேல்.

படி 7: பக்கெட் டெஸ்ட்

தண்ணி விழற முனை கையில கிடைக்கும்னா இதை செய்யாம வராதீங்க. 20 லிட்டர் பெயின்ட் பக்கெட், மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசு, போன்ல ஸ்டாப்வாட்ச். பக்கெட்ல இருக்கற கோட்டை நம்பாதீங்க, எடை போடுங்க, கிலோவுக்கு லிட்டர்னு வெச்சுக்கலாம், 30 டிகிரியில அரை சதவீதம் கூட வித்தியாசம் வராது. ஒரு நிமிஷமாவது பிடிங்க, கை தட்டற நேர தப்பு அப்பத்தான் கரையும். மீட்டர்ல ஆடற ரீடிங்கை பாக்காம அதே ஒரு நிமிஷத்துக்கு டோட்டலைசர் (மொத்த லிட்டரை கூட்டி காட்டறது) எவ்வளவு ஏறிச்சுன்னு குறிச்சுக்கோங்க.

இதை ஒரே ஃப்ளோவுல மூணு தடவை செய்யறதை விட, வால்வை திருகி மூணு வேற வேற ஃப்ளோவுல செய்யுங்க. ஏன்னா தப்பு எங்க இருக்குன்னு அதுவே காட்டிக் கொடுக்கும். பக்கெட் 16.7, 8.4, 4.2-ன்னு வரும்போது மீட்டர் 15.9, 7.6, 3.4-ன்னு காட்டுதுன்னா ஒவ்வொண்ணுலயும் அதே 0.8 குறையுது, அது ஸீரோ தப்பு, எங்கயோ பாஸிங். மீட்டர் 16.0, 8.05, 4.03-ன்னு காட்டுதுன்னா லிட்டர் கணக்குல வித்தியாசம் மாறுது, சதவீதம் ஒண்ணா இருக்கு, அது விட்டமோ சுவரோ தப்பு, எம்45-ல ஸ்கேல் ஃபேக்டர் 1.043 போட்டா மூணும் சரியாயிரும். ஸீரோ தப்புக்கு ஸ்கேல் ஃபேக்டர் போட்டு ஒப்பேத்தினீங்கன்னா அந்த ஒரு ஃப்ளோவுல மட்டும் சரியா காட்டும், மத்த இடத்துல எல்லாம் சொதப்பும்.

மூணாவதா ஒண்ணு, மேல ரெண்டு ஃப்ளோவும் சரியா வந்து, ரொம்ப குறைச்ச ஃப்ளோவுல மட்டும் மீட்டர் அதிகமா காட்டினா, அது லேமினார் ஓட்டம். 18 மி.மீ பைப்ல நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர் சுத்தி வந்தாலே தண்ணி புரளாம அடுக்கடுக்கா போக ஆரம்பிச்சிரும், நடுவுல வேகம், ஓரத்துல மெதுவு. சத்தம் பைப்போட நடு வழியாத்தான் போகுது, அதனால அது பாக்கற வேகம் நிஜ சராசரியை விட மூணுல ஒரு பங்கு அதிகம். மீட்டர் உள்ளயே இதுக்கு கணக்கு வெச்சிருக்கும், ஆனா அது சரியா இருக்கணும்னா திரவத்தோட கொழகொழப்பு சரியா கொடுத்திருக்கணும். மாறுற அந்த இடத்துல எந்த கணக்கும் உருப்படியா நிக்காது, ஒன்றரை லிட்டர் பக்கம் அளக்கணும்னா அரை இன்ச் பைப் உள்ள இடத்துக்கு போயிருங்க, அங்க வேகம் கூடும்.

சில்லறை தொல்லைகள்

ரீடிங் குதிச்சுக்கிட்டே இருந்தா டேம்பிங் (ரீடிங்கை சராசரி ஆக்கற நேரம்) எம்40-ல 10 செகண்டு வைங்க, அதுக்கும் அடங்கலைன்னா குமிழிதான், பம்பு சக்ஷன்ல காத்து இழுக்குதான்னு பாருங்க. ஓடற தண்ணிக்கு சுத்தமா ஸீரோ காட்டினா எம்41 லோ கட் ஆஃப் பாருங்க, செகண்டுக்கு 0.03 மீட்டர்னு இருந்தா நம்ம பைப்ல நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு கீழ எல்லாத்தையும் அது மறைச்சிரும், லீக் தேடற ஆளுங்க இதை குறைச்சு வெச்சுக்கோங்க. மைனஸ்ல ரீடிங் வந்தா ரெண்டு சென்சாரும் இடம் மாறிருக்கு, கேபிளை மாத்தி சொருகினா போதும். பக்கத்துல விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாத்தற டிரைவ்) ஓடினா சிக்னல்ல குப்பை வரும், மீட்டரை சார்ஜர்ல போடாம பேட்டரியில ஓட்டி பாருங்க, கேபிளை பவர் கேபிள் கூட சேத்து இழுக்காதீங்க. காலையில சரியா இருந்த ரீடிங் மத்தியானம் மறைஞ்சா தொண்ணூறு பங்கு ஜெல் காஞ்சிருக்கும்.

கழட்டறதுக்கு முன்னாடி, சென்சார் ரெண்டோட ஓரத்துலயும் பைப் மேல பெர்மனன்ட் மார்க்கர்ல கோடு போட்டு, பக்கத்துலயே வெளி விட்டம், சுவர், மவுன்டிங், இடைவெளி, ஸ்கேல் ஃபேக்டர், தேதி எல்லாம் எழுதிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. ஆறு மாசம் கழிச்சு வர்றப்ப அதே கோட்டுல கட்டினாத்தான் ஃப்ளோ நிஜமா குறைஞ்சிருக்கா, இல்ல நாம மாத்தி கட்டிட்டோமான்னு தெரியும். பாஸிங் ஆகற வால்வு மேலயும் "மூடாது"ன்னு எழுதி வெச்சிருங்க, அடுத்து வர்ற ஆளு உங்களை வாழ்த்துவான். ஜெல்லை ஈரத்துணியால துடைச்சு சென்சாரை காய வெச்சு பெட்டியில வைங்க, காஞ்ச ஜெல்லை அடுத்த தடவை நகத்தால சுரண்டறதுலதான் சென்சார் முகம் கீறி வீணாப் போகுது.